மாப்பிள்ளைக்கு வந்த அதிர்ச்சி

மனைவி பிறந்த வீட்டுக்குப் போனோம், கொசு கடித்தது, வயிறு கெட்டது, கரண்ட் போனது என்று எழுதியிருந்தால் அது பயணக் கட்டுரை. நானும் சிரித்தபடி படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். சென்ற இதழில் வந்தது அந்த வகை அல்ல. சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒருவர், பிலிப்பைன்ஸின் பனாய் தீவில், இலோயிலோ மாகாணத்து மீனவக் கிராமம் ஒன்றில் இருக்கும் மாமனார் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வந்து, அந்த ஒரு வீட்டை வைத்து நாட்டையே அளந்திருக்கிறார். வெளிநாட்டில் உழைக்கும் ஒருவரை உறிஞ்சி வாழ்வதுதான் பிலிப்பினோக் குடும்பம். அது அவர்கள் பண்பாட்டிலேயே ஊறிய குணம். சுத்தம் தெரியாது, மரியாதை தெரியாது, ஒருவரைத் தனியாக விடத் தெரியாது. ஆனாலும் எந்நேரமும் சிரிக்கிறார்கள், எனவே வறுமை அவர்களைப் பெரிதாக வாட்டவில்லை. இவ்வளவுதான் அவருடைய வாதம். கடைசியில், இப்படிப்பட்ட நாடுகளில் பெண் எடுக்க நினைக்கும் தமிழ் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை வேறு.

நான் தூத்துக்குடிக்காரி. சிங்கப்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். என் கணவர் அதே இலோயிலோ மாகாணத்தில் பிறந்த கப்பல்காரர். கட்டுரையாளர் ஏறிய அதே மாதிரி ஜீப்னி வண்டியில் ஏறி, அதே மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு, அதே மாதிரி வீட்டில் மருமகளாகச் சோறு தின்றவள். ஆகவே அவர் எழுதியதைக் கேள்விப்பட்ட கதையாக எண்ணிக் கடந்துபோக முடியவில்லை.

பண்பாட்டு அதிர்ச்சி என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார். அந்தக் கருத்தைப் பரப்பியவர் கலெர்வோ ஓபெர்க் என்ற கனடிய மானுடவியலாளர். 1954-இல் ரியோ டி ஜெனீரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். 1960-இல் அந்தப் பேச்சு அச்சில் பரவலானது. பிழைக்க அந்நிய மண்ணுக்குப் போகிறவர்களைப் பிடிக்கும் நோய் என்றுதான் அவர் அதை விவரிக்கிறார். அறிகுறிகளையும் சொல்கிறார்: ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீரையும் சாப்பாட்டையும் படுக்கையையும் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுவது, எல்லோரும் நம்மை ஏமாற்றிப் பணம் பறிக்கிறார்கள் என்று பயப்படுவது, சொந்த நாட்டுக்காரர்களோடு கூடி உட்கார்ந்து வந்த நாட்டைத் திட்டித் தீர்ப்பது. நம் கட்டுரையாளர் இந்த அறிகுறிகளில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் நோயாளி தானே என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. மருந்துச் சீட்டை மாமியார் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். குளியலறையில் ஷவர் இல்லையாம்; ஒரு பிளாஸ்டிக் வாளியும், கைப்பிடி வைத்த கப்பும் இருந்ததாம். அதைக் காட்டுமிராண்டிக் காலத்து ஏற்பாடு போல வர்ணித்திருக்கிறார். இவர் பிறந்தது கும்பகோணத்துப் பக்கம் என்று அவர் கட்டுரையே சொல்கிறது. வாளியும் சொம்புமாகக் குளித்து வளர்ந்த உடம்பு, அடுக்குமாடி வீட்டில் சில வருஷம் ஷவருக்கு அடியில் நின்றால் பழைய ஞாபகம் எல்லாம் சேர்த்தா கழுவிக்கொண்டு போகும்? பன்றி ரத்தத்தில் சமைத்த தினுகுவானைப் பார்த்துக் குமட்டியதாம். குமட்டட்டும். நானும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அதை வைத்து ஒரு ஜனத்தின் நாகரிகத்தை எடைபோடுமுன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக் கறிக்கடைகளின் வாசலில் ஆட்டு ரத்தத்துக்குத் தூக்குவாளியோடு நிற்பவர்கள் எந்த நாட்டவர் என்று விசாரித்திருக்கலாம். தண்ணீர் நம்பகமில்லை என்று பாட்டில் தண்ணீரிலேயே பல் துலக்கினாராம். அந்த ஊர்க்காரர்கள் பலரும் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. சுத்திகரித்த தண்ணீரை நீலக் கேனில் நிரப்பித் தரும் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நம் ஊரில் இருபது லிட்டர் கேன் போடுகிறவரை நம்பிக் காலம் ஓட்டும் நமக்கு இது ஒரு செய்தியா?

இதெல்லாம் உதிரி. கட்டுரையின் உயிர் பணத்தில் இருக்கிறது.

அவர் மனைவி சிங்கப்பூரில் நர்ஸ். மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார். தம்பியின் படிப்புக்கு, அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு, அப்பாவின் படகு மோட்டாருக்கு, இன்னும் யார் யாருக்கோ. நேரில் போன இடத்திலும் ஆளுக்கொரு தேவையோடு வந்து நின்றார்களாம். சம்பாதிக்கும் ஒருவர் முதுகில் ஊரே ஏறிச் சவாரி செய்வது இவர்களுடைய பண்பாடு என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

பண்பாடா? 1974 மே 1 அன்று அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் கையெழுத்திட்ட தொழிலாளர் சட்டம்தான், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசாங்கக் கொள்கையாக ஆக்கியது. எண்ணெய் விலை ஏறிய நேரம் அது. உள்ளூரில் வேலை இல்லை, கஜானாவில் டாலர் இல்லை. வளைகுடாவிலோ கட்டுமான வேலை கொட்டிக் கிடந்தது. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது ஐம்பது வருஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கடன் கழுத்தை நெரித்தபோது, 1982 டிசம்பரில், நிர்வாக ஆணை 857 வந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் இவ்வளவு பங்கை வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்றது அந்த ஆணை. கப்பல்காரர்கள் 80 விழுக்காடு. வீட்டு வேலை செய்யும் பெண்கள் 50 விழுக்காடு. அனுப்பாதவர்களுக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படாது. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பிலிப்பினோப் பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள்; 1985-இல் தண்டனைப் பிரிவுகள் கைவிடப்பட்டன. கப்பல்காரர்களுக்கு மட்டும் அந்த 80 விழுக்காடு இன்றைக்கும் கான்ட்ராக்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பிழைக்கப் போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புவது எல்லா ஊரிலும் உண்டு. அனுப்பாவிட்டால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கமாட்டேன் என்று அரசாங்கமே மிரட்டிய கதை எத்தனை ஊரில் உண்டு? அதை விட்டுவிட்டு, மாமியாரின் குணத்தில் விடை தேடுகிறார் இவர்.

இந்த 80 விழுக்காட்டை நான் காகிதமாகவே பார்க்கிறவள். அலாட்மென்ட் ஃபாரம் என்று ஒன்று. பெயர், உறவு, வங்கிக் கணக்கு எண், விழுக்காடு என்று கட்டங்கள். முதல் தடவையாக மெஸ்மேன் வேலைக்கு ஏறும் பையன் ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘அம்மா’ என்று எழுதுவான். கையெழுத்து பள்ளிக்கூடத்துக் கையெழுத்தாகவே இருக்கும். பேசிக் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவன் கையில் படாமலே அம்மா கணக்குக்குப் போய்விடும். மிச்சமும் ஓவர்டைமும்தான் அவனுக்குக் கப்பலில் சோப்பு, சிகரெட், துறைமுகம் வந்தால் சிம் கார்டு. கல்யாணம் ஆனதும் அதே ஃபாரம் போர்க்களமாகும். அம்மாவுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்று இரண்டு வரி. என் கணவருடைய ஃபாரத்தில் மாமியார் பெயர் மேலே, என் பெயர் கீழே. இதில் எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்டால் மாதத்தைப் பொறுத்தது என்பேன். ஆனால் அந்த ஃபாரத்தை அச்சடித்தவர் என் மாமியார் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

1988-இல் ஹாங்காங் போன அதிபர் கோரசோன் அக்கினோ, அங்கே கூடிய பணிப்பெண்களைப் பார்த்து நீங்கள்தான் நாட்டின் புதிய வீரர்கள் என்றார். அந்தப் பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2023-இல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் அனுப்பியது சுமார் 3,700 கோடி டாலர். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு. வீரர்கள் என்று கூப்பிட்டால் செலவில்லை. ஓய்வூதியம் கொடுத்தால்தான் செலவு. ஏழை முதியவர்களுக்கு அந்த அரசு தரும் உதவித்தொகை மாதம் 500 பேசோவாக நெடுங்காலம் கிடந்து, 2022-இல் வந்த சட்டத்தால்தான் 1,000 ஆனது. நம் கணக்கில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே. மருத்துவச் செலவில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வீட்டார் கைப்பணத்திலிருந்துதான் போகிறது. இந்த நிலையில், சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மா மகளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாள்? மகள் சிங்கப்பூரில் இரவுப் பணி பார்த்து அனுப்பும் பணம்தான் அந்த வீட்டின் பென்ஷன், காப்பீடு, கல்விக்கடன் எல்லாம். அரசாங்கம் செய்யாததை மகள் செய்கிறாள். பெயரோ உறிஞ்சல்.

இதில் ஒரு வேடிக்கை. கட்டுரையாளர் குடியிருக்கும் சிங்கப்பூரில், பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பெற்றோர் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 1995-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 2007-இல் வந்தது. பெற்றவர்களுக்குச் சோறு போட நம் ஆட்களுக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அவர் மனைவி எந்தக் கோர்ட்டும் சொல்லாமல் செய்கிறார் என்பதுதான் அவருக்குக் குறையாகத் தெரிகிறது.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் பணமும் நகையும் எந்தத் திசையில் ஓடும்? பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறது. ஆனாலும் பவுன் கணக்குப் பேசாத வீடு எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பைக், கார், தலைதீபாவளிக்கு மோதிரம், ஆடிக்குச் சீர், பொங்கலுக்குச் சீர், பிள்ளை பிறந்தால் இன்னொரு சீர். பெண்ணைப் பெற்றவன் கடன் வாங்கிச் செய்தால் அதற்குப் பெயர் முறை. பிலிப்பைன்ஸிலோ கல்யாணச் செலவை மாப்பிள்ளை வீடு ஏற்பதுதான் பழைய வழக்கம். அதற்கும் முந்தைய தலைமுறையில், விசயாஸ் தீவுகளின் கிராமங்களில், பெண் கேட்டு வந்தவன் மாமனார் வீட்டில் தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, தான் உருப்படியான ஆள் என்று காட்டிய பிறகுதான் பேச்சே தொடங்கும். பணமோ உழைப்போ, ஓடியது பெண் வீட்டை நோக்கித்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமனார் கொடுத்தால் சீர், மாப்பிள்ளை கொடுத்தால் சுரண்டல்.

அதிலும் இவர் கொடுத்ததுகூட இல்லை. கட்டுரை முழுக்க ‘எங்கள் பணம்’ என்கிறார். அது அவர் மனைவியின் சம்பளம்.

இந்த மாப்பிள்ளை முறுக்குதான் கட்டுரையின் பாதி இடங்களில் பேசுகிறது. கொழுந்தியாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். மாமனார் படகிலிருந்து மீன் கூடையை இறக்கும்போது இவரையும் ஒரு கை பிடிக்கச் சொன்னாராம். வாசலில் ஆரத்தி எடுக்காத ஏக்கத்தை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்லியிருக்க வேண்டாம். கூடையைப் பிடி என்று ஒரு மீனவர் சொன்னால் நீ வீட்டு ஆள் என்று அர்த்தம். விருந்தாளியிடம் அங்கே யாரும் மீன் கூடையை நீட்டமாட்டார்கள்.

பிறகு, சாவு வீடு. இதைத்தான் நான் சும்மா விடுவதாக இல்லை.

அவர் அங்கே இருந்தபோது தூரத்து உறவில் ஒருவர் இறந்திருக்கிறார். ஒரு வாரமாகப் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் மேஜை போட்டுக் காசு வைத்துச் சீட்டாடினார்களாம். துக்கமே இல்லாத ஜனங்கள். இவர் கிளம்பும்போது யாரும் வாசல்வரை வந்து வழியனுப்பவும் இல்லையாம். அடிப்படை மரியாதைகூடத் தெரியாதவர்கள்.

முதலில் அந்த ஒரு வாரம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு முதலாளி லீவு கொடுத்து, டிக்கெட் கிடைத்து, அவன் ஊர் வந்து சேரும்வரை காத்திருக்கிறார்கள். நம் ஊரில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மகன் வரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருப்பதில்லையா? இங்கே தெரு முனையிலேயே அந்தப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கிறது, அங்கே உடலைப் பதப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து சீட்டு. என் மாமனார் இறந்தபோது கணவர் நடுக்கடலில் இருந்தார். கப்பலை யாரும் திருப்பமாட்டார்கள். நான் மட்டும் போனேன். வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் அடியில் மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் மூடியில் ஓட்டை போட்ட பழைய பிஸ்கட் டின் ஒன்று. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தன் பங்கிலிருந்து கொஞ்சத்தை அந்த டின்னில் போட்டுவிட்டுத்தான் மீதியை எடுக்க வேண்டும். அந்தப் பங்குக்குத் தோங் என்று பெயர். விடியற்காலையில் நாத்தனார் அந்த டின்களை அடுப்படித் தரையில் கவிழ்த்து, பேசோ நாணயங்களைக் கண்ணீரும் மூக்குமாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்காரருக்கு இன்னும் பாக்கி இருந்தது. வருகிறவர்கள் தனியாகக் கவரில் வைத்துக் கொடுக்கும் பணம் வேறு. அதை யார், எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். மொய் நோட்டு பார்த்து வளர்ந்த எனக்கு அதில் எதுவும் புரியாமல் போகவில்லை. இன்னொன்று: பிணம் இருக்கும் வீட்டில் இரவு முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு வாரம் ஊராரை இரவு முழுக்க விழிக்க வைக்கச் சீட்டைவிட நல்ல உபாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கணவருக்கு சேட்டிலைட் நெட் கிடைத்த அரைமணி நேரத்துக்கு, சவப்பெட்டியின் ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்தோம். அப்போது சீட்டாடியவர்கள் எல்லோரும் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். துக்கமே இல்லாத ஜனங்கள்!

வழியனுப்பாத விஷயத்துக்கு வருகிறேன். சாவு வீட்டுக்கு வந்தவர்களை அந்த வீட்டார் வாசல்வரை கொண்டுபோய் விடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான வழக்கம். விட்டால் இன்னொரு சாவுக்கு வழிகாட்டினது போல ஆகிவிடும் என்று பயப்படுவார்கள். இதைப் போய் மரியாதை தெரியாதது என்கிறார் ஒரு தமிழர். நம் ஊர்த் துக்க வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புவாரா இவர்? சொல்லாமல் எழுந்து வருவதுதானே நம் வழக்கம்? பக்கத்தில் இருந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமலே எழுதியதால்தான் இது கட்டுரை ஆகியிருக்கிறது.

தனிமை இல்லை, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள், அறைக்குள் கேட்காமல் வந்தார்கள் என்கிறார். உண்மைதான், எனக்கும் அது எரிச்சலாகத்தான் இருக்கும், இன்றைக்கும். ஆனால் அவரே இன்னொரு பத்தியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்கிறார்: வீட்டில் ஒரே ஒரு கட்டில், ஒரே ஒரு பெரிய ஃபேன், இரண்டும் இவர் அறையில். மற்ற எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். மாமியாரின் துணி அலமாரியும் அந்த அறையில்தான். கதவைத் தட்டாமல் அந்த அம்மா உள்ளே வந்தது தன் துணியை எடுக்க. அவரை அவருடைய அறையிலிருந்து வெளியேற்றியது யார் என்ற கேள்வி இவருக்கு எழவே இல்லை.

சிரித்த முகத்துக்காக அவர் கொடுக்கும் பாராட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். வசையைக்கூட மன்னிக்கலாம். ஒன்றுமில்லாவிட்டாலும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. அரசும் தப்பித்தது, மாப்பிள்ளையும் தப்பித்தார். அந்தச் சிரித்த முகங்கள் எதைக் கடந்து வந்தவை என்று பார்ப்போம். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் சூறாவளி அடித்தது. அங்கே அதை யோலாந்தா என்பார்கள். அதிகாரப்பூர்வக் கணக்கிலேயே 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். வடக்கு இலோயிலோவின் மீனவ ஊர்களில் மூங்கிலும் ஓலையுமாக இருந்த வீடுகள் நின்ற இடம் தெரியாமல் போயின. அங்கேயே எஸ்தான்சியாவில் மிதவை மின்நிலையம் ஒன்று கரையில் மோதி, எண்ணெய் கொட்டி, கரையோரத்து ஜனங்கள் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக சிமெண்ட் சுவருக்கு மாறின. ஒரு வருஷத்துப் பணத்தில் தூண், அடுத்த வருஷத்தில் சுவர், அப்புறம் கூரை. பாதியில் நிற்கும் அந்த வீடுகளைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பணத்தில் பகட்டு என்று எழுதியிருக்கிறார். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மொட்டைத் தூணில் என்ன பகட்டு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பெட்டி விவகாரம் ஒன்றையும் தொட்டுவிட்டுப் போகிறேன். மனைவி மாதக்கணக்கில் சாமான் சேர்த்து ஒரு ராட்சத அட்டைப் பெட்டியைக் கப்பலில் அனுப்பியதையும், அதில் சோப்பு, பற்பசை, டப்பா இறைச்சி, பழைய துணி எல்லாம் இருந்ததையும் கிண்டல் செய்திருக்கிறார். அதற்குப் பெயர் பாலிக்பாயான் பெட்டி. 2015-இல் சுங்கத்துறை அந்தப் பெட்டிகளைத் திறந்து சோதிக்கப் போவதாகச் சொன்னதும் உலகெங்கும் இருந்த பிலிப்பினோக்கள் கொதித்தார்கள். அதிபரே தலையிட்டு நிறுத்தினார். மறு வருஷம் வரிவிலக்கு வரம்பை 1,50,000 பேசோவாக உயர்த்திச் சட்டம் வந்தது. ஒரு அட்டைப் பெட்டிக்காக அரசாங்கம் பணிந்தது என்றால் அதில் சோப்பு மட்டும் இருக்கவில்லை என்று தெரிய வேண்டாமா? திருச்சி விமான நிலையத்தில் கோடாலித் தைலமும் மைலோவும் பிதுங்கும் பைகளோடு இறங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இவ்வளவும் சொல்வதால் அந்தக் குடும்பங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. ஒருவரே சுமப்பதன் கொடுமையைப் பிலிப்பினோக்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். வெளிநாட்டில் உழைத்து வீடு திரும்பும் தாயை மகள் ஏற்க மறுக்கும் ‘அனாக்’ 2000-இல் வந்த படம். 2024-இல் வந்த ஒரு படம் தலைப்பிலேயே குடும்பத்தைச் சுமக்கும் ஆளைத்தான் கேலியும் கண்ணீருமாக வைத்திருந்தது. அண்ணனுக்கு மோட்டார்சைக்கிள் வாங்கக் கொடுத்து வயசைத் தொலைத்த நர்ஸுகளை நானே அறிவேன். அம்மாவிடம் இல்லை என்று சொல்லத் தெரியாமல் வட்டிக்கு வாங்கி அனுப்புகிற கப்பல்காரர்கள் எங்கள் ஆபீஸுக்கே வந்து முன்பணம் கேட்பார்கள். இதைப் பற்றி அவர் மனைவி ஒரு கட்டுரை எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்; நம் கட்டுரையாளரைவிட நூறு மடங்கு கடுமையாகக்கூட அவர் எழுதலாம். சுமக்கிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது. பக்கத்தில் ஃபேன் காற்றில் படுத்திருந்தவருக்கு எங்கிருந்து வந்தது?

அந்தக் கட்டுரையில் மாமியார் பேசுகிறார், மாமனார் பேசுகிறார், கொழுந்தியாள் பேசுகிறாள், ஜீப்னி ஓட்டுநர்கூட இரண்டு வாக்கியம் பேசுகிறார். மனைவி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சம்பளம் வருகிறது, அவர் பெட்டி வருகிறது, அவர் ஊர் வருகிறது. அவருக்கு என்ன தோன்றியது என்று ஒரு வரி கிடையாது. யாருடைய வீட்டைப் பற்றி எழுதுகிறோமோ அவரைக் கேட்காமலே எழுதி முடித்துவிட்டு, பிலிப்பினோக்களுக்குத் தனிமனித உரிமை புரியாது என்று முடிக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

தமிழ் இளைஞர்களுக்கு அவர் விடுத்த எச்சரிக்கைக்கு ஒரு தகவலைப் பதிலாகத் தருகிறேன். வெளிநாட்டவரை மணந்து குடிபெயரும் பிலிப்பினோக்களுக்கு அந்த நாட்டு அரசு ஆலோசனை வகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குப் போய்ச் சான்றிதழ் வாங்காமல் அவர்கள் மனைவியாகவோ கணவராகவோ விமானம் ஏற முடியாது. போகிற நாட்டின் சட்டம் என்ன, பழக்கம் என்ன, கட்டிக்கொண்டவர் மோசமாக நடந்துகொண்டால் யாரிடம் போக வேண்டும் என்றெல்லாம் அங்கே சொல்லி அனுப்புவார்கள். கட்டிக்கொள்கிற நம் ஆட்களுக்கு அப்படி எந்த வகுப்பும் கிடையாது. யாராவது தொடங்கினால், பாடப் புத்தகத்துக்குச் சென்ற இதழ்க் கட்டுரையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பத்தியின் கீழும் கேள்விகளை நான் எழுதித் தருகிறேன்.